மணி அடித்தால் வருகிற ஆள்

அப்துல் ஹமீதுக்கு எதற்கெடுத்தாலும் நன்றி சொல்லும் வியாதி. வியாதி என்று சொன்னது அவர் மனைவி ஆயிஷா. பஸ்ஸில் டிக்கெட் கிழித்துக் கொடுத்த கண்டக்டருக்கு நன்றி. மீன் ஆய்ந்து கொடுத்தவளுக்கு நன்றி. கரண்ட் போய்த் திரும்ப வந்தால் மேலே பார்த்து ஓர் அல்ஹம்துலில்லாஹ். "ஆமா, கரண்டு ஆபீஸ்காரன் காதுல விழுந்துருச்சு" என்பாள் ஆயிஷா. மனிதர் சிரிப்பாரே தவிர கோபப்பட மாட்டார்.

முத்துப்பேட்டைக்காரர். ஐம்பதைத் தாண்டியாயிற்று. திருத்துறைப்பூண்டிக்கு வெளியே மன்னார்குடி சாலையில் இருக்கும் அரிசி ஆலையில் கேன்டீன் கான்ட்ராக்ட் எடுத்து நடத்துகிறார். பெயர்ப்பலகையில் என்னென்னவோ நீளமாக எழுதியிருந்தாலும் ஊருக்கெல்லாம் அது பஞ்சநதம் மில். பஞ்சநதம்தான் ஆரம்பித்தவர். இப்போது முட்டிவலியோடு வீட்டில் இருக்கிறார். மில்லைப் பார்த்துக்கொள்வது அவர் மகன் அரவிந்தன்.

அரவிந்தனைக் கெட்ட பையன் என்று சொன்னால் நாக்கு அழுகிப்போகும். படித்தவன், மரியாதை தெரிந்தவன், யாரையும் ஒருமையில் கூப்பிடாதவன். அவனுக்கு ஒரே ஒரு எண்ணம்தான். அரிசி ஆலை என்றால் அரிசி அரைப்பது அதன் வேலை. சோறாக்குவது, பெருக்குவது, கேட்டில் நிற்பது, மூட்டை தூக்குவது, களத்தில் நெல் காயவைப்பது இதெல்லாம் அந்தந்த வேலை தெரிந்தவர்களிடம் விட்டுவிட வேண்டும். ஒவ்வொன்றாக விட்டான். சும்மா சொல்லக்கூடாது, நன்றாகத்தான் இருந்தது. கழிப்பறை பளிச்சென்று ஆயிற்று. கேட்டில் நிற்பவர் சல்யூட் அடித்தார். மாதக் கடைசியில் மில்லுக்கு ஆகிற செலவும் குறைந்தது. கேன்டீன் ஹமீதுக்கு வந்ததும் அந்த வழியில்தான். அதனால் அரவிந்தன் இருக்கும் திசைக்கே ஒரு நன்றி சொல்லிக்கொண்டிருந்தார் அவர்.

ஒன்றே ஒன்று. எல்லோர் கழுத்திலும் அட்டை தொங்க ஆரம்பித்தது. கம்பெனி ஆள் என்றால் நீலக் கயிறு. கான்ட்ராக்ட் ஆள் என்றால் மஞ்சள் கயிறு. கேன்டீன் மேசையில் உட்கார்ந்து சாப்பிட நீலக் கயிறு வேண்டும். மஞ்சள் கயிறுகள் லாரி ஷெட்டுக்குப் பின்னால் புங்கமரத்தடியில் தூக்குச்சட்டியைத் திறந்துகொள்ள வேண்டும். ஹமீதும் அவருடைய ஆட்களும் மஞ்சள்தான். ஆகவே அந்த மேசைக்கு மூன்று வேளையும் சோறாக்கிப் போடுகிற மனிதர் அதில் ஒரு நாளும் உட்கார்ந்ததில்லை.

மஞ்சள் கயிறு அவருக்குப் புதிதும் இல்லை. இருபத்து நான்கு வயதில் சவூதிக்குப் போனவர். பாலைவனத்தின் நடுவில் ஓர் எண்ணெய்க் கம்பெனி. அந்தக் கம்பெனிக்காரர்களுக்குச் சோறாக்கும் வேலையை இன்னொரு கம்பெனி கான்ட்ராக்ட் எடுத்திருந்தது. ஹமீது இரண்டாவது கம்பெனியின் ஆள். வெங்காயம் உரிக்கப் போய், பெரிய சமையல்காரர் என்று பெயர் வாங்குகிற வரைக்கும் இருபத்தெட்டு வருஷம் அங்கேயே கிடந்தார். அவர்களுக்கு ஏசி ஹால், இவர்களுக்குத் தகரக் கொட்டகை. அவர்கள் பஸ்ஸில் இடம் காலியாகக் கிடந்தாலும் இவர்கள் ஏறக்கூடாது. யாரும் அடிக்கவில்லை, வையவில்லை. அது அப்படித்தான் என்று இருந்தார்கள், இவரும் இருந்தார்.

ஒரு நாள் காலையில் ஊரிலிருந்து போன். உம்மாவுக்கு மூச்சு இழுத்துக்கொண்டிருக்கிறது. பாஸ்போர்ட் கைக்கு வந்துவிட்டது, சாயங்கால விமானத்தில் டிக்கெட்டும் கிடைத்துவிட்டது. விமான நிலையம் போகத்தான் வண்டி இல்லை. கான்ட்ராக்ட் கேம்ப் வேன் வாரத்துக்கு ஒரு தடவைதான் ஊருக்குள் போகும். சூப்பர்வைசர் கையை விரித்துவிட்டார். பையைத் தூக்கிக்கொண்டு கேட்டில் போய் நின்றார் ஹமீது, வெயிலில், போகிற லாரியை எல்லாம் கை காட்டிக்கொண்டு. அப்போது ஒரு கம்பெனி கார் வந்து நின்றது. ஓட்டிவந்தவர் மூஸா. கோழிக்கோட்டுப் பக்கத்து ஆள், கம்பெனியின் சொந்த டிரைவர். விஷயத்தைக் கேட்டுவிட்டுக் கதவைத் திறந்துவிட்டார்.

"அண்ணே, இது கம்பெனி வண்டி. நான் கான்ட்ராக்ட் ஆளு" என்றார் ஹமீது.

மலையாளமும் தமிழும் கலந்து மூஸா சொன்ன பதில் இதுதான்: "தினமும் எனக்குச் சோறு போடுறவன் எங்க ஆளு இல்லாம வேற எவன் ஆளு? ஏறு."

ஏறினார். விமானத்தைப் பிடித்தார். உம்மா கண் திறந்து மகனைப் பார்த்தார். கடைசித் தண்ணீரைத் தன் கையால் விட முடிந்தது. லீவு முடிந்து திரும்பிப் போனபோது மூஸா அங்கே இல்லை. கேட்காமல் கொள்ளாமல் காரை எடுத்ததற்காக எங்கேயோ ஒரு மூலைக்குத் தூக்கி அடித்துவிட்டார்களாம். நம்பர் இல்லை, விலாசம் இல்லை. ஒரு வார்த்தை நன்றி சொல்லக்கூட முடியவில்லை. சொல்ல வேண்டியவரிடம் சொல்ல முடியாமல் போன அந்த ஒரு நன்றிதான் கண்டக்டரிடமும் மீன்காரியிடமும் கரண்டு ஆபீஸிடமும் போய்ச் சேர்ந்துகொண்டிருக்கிறது என்பது ஆயிஷாவுக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் கிண்டல் செய்வாள்.

ஊர் திரும்பி மில் கேன்டீனை எடுத்தபோது ஆயிஷாவும் மகள் சபிஹாவும் அவரிடம் ஒரு வாக்கு வாங்கினார்கள். இனிமேல் விமானம் ஏறுவதில்லை. பிறந்தது முதல் அத்தாவை லீவில் மட்டுமே பார்த்த பெண் சபிஹா. இப்போதுதான் கல்லூரி விட்டு வந்ததும் அவரோடு உட்கார்ந்து டீ குடிக்கிறாள், சண்டை போடுகிறாள், போனில் கண்ட கண்ட வீடியோவைக் காட்டிச் சிரிக்க வைக்கிறாள். அந்தச் சாயங்காலங்களுக்காகவே ஹமீது உயிரோடிருந்தார் என்றாலும் தப்பில்லை. கான்ட்ராக்ட் பங்குனிக் கடைசி வரைக்கும். அது போய்விட்டால் சவூதியில், தம்மாமில் ஒரு பழைய கூட்டாளி விசாவோடு காத்திருந்தான். வேறு பிழைப்பு இந்த வயதில் எங்கே தேடுவது? அதனால் ஒப்பந்தத்தில் இருந்த ஒரு வரியை மட்டும் மனிதர் மறக்கவே இல்லை. கேன்டீன் ஆட்கள் கேன்டீனை விட்டு வேறு இடத்தில் நடமாடினால் அன்றைக்கே கான்ட்ராக்ட் ரத்து செய்யப்படலாம்.

மாசி மாதம். சம்பா அறுவடை மும்முரத்தில் இருந்தது. நெல் லாரி லாரியாக வந்து இறங்குகிறது. அவித்த நெல்லைக் காயவைக்க மில்லில் மிஷின் இருக்கிறது, இல்லாமல் இல்லை. ஆனால் அறுப்புக் காலத்தில் அதற்கு முழி பிதுங்கிவிடும். மிச்சத்தை எல்லாம் பழையபடி களத்தில்தான் கொட்டிக் காயவைப்பார்கள். கண்ணுக்கு எட்டிய வரை சிமெண்டுத் தரை, அதன் மேல் பழுப்பாக நெல்.

களத்து மூலையில் ஒரு வேப்பமரம். அதில் ஒரு தண்டவாளத் துண்டு தொங்கும். கேன்டீனில் பாத்திரம் கழுவும் தர்மாம்பாள்தான் அதன் கதையை ஹமீதிடம் சொன்னது. இந்த மில்லின் களத்தில் நெல் துழாவியே நரைத்தவள். களத்தைக் கான்ட்ராக்டுக்கு விட்டபோது வேலை போய், ஹமீதிடம் வந்து சேர்ந்தாள்.

"அது மழமணி பாய். வானம் கருக்கல் கட்டிச்சுன்னா யாரு மொதல்ல பாக்குறாங்களோ அவங்க அடிக்கணும். மணி கேட்டா மில்லுல ஒரு ஆளு உள்ள இருக்கக் கூடாது. கணக்குப்புள்ள பேனாவ காதுல சொருவிக்கிட்டு ஓடியாருவாரு. மொதலாளி வேட்டிய மடிச்சிக் கட்டிக்கிட்டு அவரே நெல்லு தள்ளுற பலவ புடிப்பாரு. நெல்லக் குமிச்சி, படுதா போட்டு மூடிட்டுத்தான் மறு வேல. அப்பறம் எல்லாருக்கும் சுக்குக் காப்பி. மொதலாளியே ஊத்துவாரு."

"இப்ப?"

"இப்ப அது காக்கா ஒக்கார்ற கம்பி" என்றாள் தர்மாம்பாள்.

அந்த மாசியில் ஒரு மத்தியானம், கோடியக்கரைப் பக்கத்திலிருந்து கருக்கல் கிளம்பியது. வானம் பார்க்கத் தெரியாத குழந்தைகூடச் சொல்லும், இது வருகிற மழை என்று. கேட் காவலாளி பார்த்தார். மணி தன்னுடையது இல்லை, களத்துக் கான்ட்ராக்ட்காரர்களுடையது என்று நினைத்தார். தன் சூப்பர்வைசருக்குப் போன் போட்டார். மிஷின் ஓட்டுகிறவர்கள் ஜன்னல் வழியாகப் பார்த்தார்கள். களம்தான் கான்ட்ராக்டுக்கு விட்டாயிற்றே என்று திரும்பிக்கொண்டார்கள். ஆபீஸ்காரர்களும் பார்த்தார்கள். களத்துக் கான்ட்ராக்டின் மேஸ்திரி அரசப்பனும் அவன் ஆட்களும் லாரி ஷெட்டுக்குள் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார்கள். அங்கிருந்து வானம் தெரியாது.

தர்மாம்பாள் கையில் இருந்த தட்டைப் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடினாள். ஹமீது குறுக்கே வந்து நின்றார்.

"போவாதக்கா. நமக்கு அந்தப் பக்கம் போவ அனுமதி இல்ல."

"நெல்லு நனையுது பாய்."

"தெரியுது. நீ போயி வழுக்கி விழுந்தா நான்தானே பொறுப்பு? கான்ட்ராக்டு போயிரும்க்கா."

தர்மாம்பாள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு தொட்டிக்குத் திரும்பிப்போய்த் தட்டைக் கழுவினாள். வேண்டுமென்றே சத்தமாகக் கழுவினாள். அரசப்பன் ஆட்கள் தெரிந்துகொண்டு ஓடிவந்து படுதாவைத் தேடி எடுப்பதற்குள் களம் குளமாகிவிட்டது. பாதிதான் காய்ந்திருந்தபோது நனைந்த அவித்த நெல். அதன் பிறகு அதை என்ன செய்தும் அந்த வாடை போகவில்லை. அரைத்து அனுப்பிய அரிசி பாலக்காட்டு வியாபாரியிடமிருந்து அப்படியே திரும்பி வந்தது.

விசாரணை நடந்தது. காவல் கம்பெனி தன் ஆள் போன் செய்த நேரத்தைக் காட்டியது. களத்துக் கான்ட்ராக்டர், தன் ஆட்களை மூட்டை இறக்கச் சொன்னது மில்தான் என்றார். மிஷின்காரர்கள் மிஷினை விட்டு நகரக்கூடாது என்பது விதி என்றார்கள். யாரும் பொய் சொல்லவில்லை. எல்லோரும் அவரவர் வேலையைச் சரியாகத்தான் செய்திருந்தார்கள். நெல் மட்டும் நனைந்துவிட்டது. கடைசியில் பழி அரசப்பன் தலையில் விடிந்தது. அவன் ஆட்களில் பாதிப் பேர் கோபித்துக்கொண்டு நின்றுவிட்டார்கள். படுதா எங்கே இருக்கிறது என்றே தெரியாத புது ஆட்கள் வந்தார்கள்.

விசாரணை முடிந்த நாள் சாயங்காலம் அரவிந்தன் கேன்டீனில் தனியாக உட்கார்ந்திருந்தான். முன்னால் டீ ஆறிக்கொண்டிருந்தது.

"மில்லுல இத்தன பேரு இருந்தாங்க பாய். ஒருத்தர் கூடவா பாக்கல?"

வேறொருவராக இருந்தால் உச்சுக்கொட்டிவிட்டுப் போயிருப்பார். ஹமீதுக்கு அது வரவில்லை. "பாத்தோம் தம்பி" என்றார். "எல்லாரும் பாத்தோம். நானும் வாசல்ல நின்னு பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்."

அரவிந்தன் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தான்.  டீயைக் குடிக்காமலே எழுந்து போனான்.

வீட்டுக்கு வந்து ஹமீது நடந்ததைச் சொன்னார். ஆயிஷா இடியாப்பம் பிழிந்துகொண்டிருந்தாள். அன்றைக்கு அவள் கிண்டல் செய்யவில்லை.

"அன்னைக்கு மூஸா அண்ணன் வண்டிய நிறுத்தாம, நமக்கெதுக்கு வம்புன்னு போயிருந்தா?" என்று மட்டும் கேட்டாள்.

இடியாப்பம் அவருக்கு உயிர். அன்று இரண்டோடு எழுந்துவிட்டார்.

மறுநாள் பதினோரு மணி டீ நேரத்தில் ஹமீது ஒரு வாளி டீயையும் டம்ளர்களையும் தூக்கிக்கொண்டு கேன்டீன் பின்வாசலில் போய் நின்றார். படியை விட்டு இறங்கவில்லை, ஒப்பந்தத்து வரி நினைவிருந்தது. அங்கிருந்து புங்கமரம் கூப்பிடு தூரம். அரசப்பனைக் கூப்பிட்டார். அரசப்பன் ஒருமுறை நெருப்பைத் தொட்டவன், சந்தேகத்தோடு வந்தான்.

"என்ன பாய் இது? எங்களுக்குத்தான் இங்க டீ கெடயாதே."

"கம்பெனி டீ இல்லப்பா. என் வீட்டு டீ. வா, ஆறிடும்."

"எதுக்கு?"

"ஒன்னத் திட்டுனப்ப நான் வாயத் தொறக்கல. அதுக்கு."

 அரசப்பன் டம்ளரை வாங்கிக் குடித்தான். அடுத்த நாள் அவன் ஆட்களும் வந்தார்கள். அதற்கடுத்த வாரம் அவர்கள் வராத நாள் இல்லை. டீ குடிக்கிற சாக்கில் பேச்சு வளர்ந்தது. தர்மாம்பாள் படிக்கட்டில் உட்கார்ந்துகொண்டு புது ஆட்களை அதிகாரம் பண்ண ஆரம்பித்தாள். படுதா எந்த அறையில் கிடக்கிறது, எந்தப் பக்கத்திலிருந்து குவித்துக்கொண்டு வர வேண்டும், அம்பாரத்தை எங்கே வைத்தால் தண்ணீர் தேங்காது என்று வாய் ஓயாது அவளுக்கு. மில் ஆட்களில் இரண்டு பேர் சிகரெட் பிடிக்கப் பின்வாசல் பக்கம் வருவார்கள். அவர்களும் நின்று கேட்டுவிட்டுப் போனார்கள். நீலமும் மஞ்சளுமாக நின்ற அந்தக் கூட்டத்தை அரவிந்தன் ஆபீஸ் ஜன்னலிலிருந்து பார்த்தான். ஒன்றும் சொல்லவில்லை. அந்த மௌனத்துக்கும் ஹமீது நன்றி சொன்னார் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

பங்குனி பிறந்தது. திருச்சியிலிருந்து ஒரு பெரிய கேட்டரிங் கம்பெனி, ஹமீது வாங்குவதைவிடக் குறைத்துச் செய்து தருவதாகக் கேட்டிருக்கிறது என்ற செய்தி வந்தது. போட்டோவோடு மெனு அட்டை, தலைக்குத் தொப்பி, கைக்கு உறை.  ஹமீது அதைச் சபிஹாவிடம் சொல்லவில்லை. தம்மாம் கூட்டாளி போன் செய்தபோது, "பாக்குறேன்டா" என்று முதல் தடவையாகச் சொன்னார். ஆயிஷா அடுப்படியிலிருந்து அதைக் கேட்டுவிட்டுத் திரும்பிக்கொண்டாள்.

அந்தச் சமயத்தில்தான் அரவிந்தன் கூப்பிட்டான். "பாய், வெள்ளிக்கிழம பாலக்காட்டுக்காரர் நேர்ல வர்றாரு. போன தடவ அரிசி கெட்டுப்போனதுக்கு அப்பறம் அவர மறுபடி புடிக்கிறது பெரும்பாடா போச்சு. அவருக்கான நெல்லுதான் இப்ப களத்துல கெடக்கு. மத்தியானம் உங்க பிரியாணி போடுங்க. திருச்சிக் கம்பெனிக்காரங்களும் அன்னைக்கே இடத்தப் பாக்க வர்றாங்க. எல்லாத்தயும் அன்னைக்கே முடிவு பண்ணிடலாம்."

முடிவு பண்ணுவது என்றால் என்ன என்று ஹமீதுக்குப் புரிந்தது. ஒரு பிரியாணியில் தன் வாழ்க்கை நிற்கிறது. நிற்கட்டும், பிரியாணிதானே என்று தேற்றிக்கொண்டார். அந்த ஒரு விஷயத்தில் அவருக்கு யாரிடமும் பயமில்லை.

வெள்ளிக்கிழமை விடியும்போதே கறி வந்துவிட்டது. ஹமீது வேறு யாரையும் தொட விடவில்லை. மசாலா வதங்கி, கறி வெந்து, பாதி வெந்த அரிசியை மேலே பரப்பி, தேக்சாவை மூடி, மூடிமேல் தணல் அள்ளிப்போட்டுத் தம்மில் வைத்தார். பள்ளிவாசல் தொழுகைக்குப் போகும் முன் இறக்கிவிடலாம். தம்மில் இருக்கும் பிரியாணி கைக்குழந்தை மாதிரி. பக்கத்தை விட்டு நகரக்கூடாது. தணல் ஒரு பக்கம் ஏறினால் தள்ள வேண்டும், அடியில் வாசனை மாறினால் இறக்க வேண்டும்.

இரும்புக் கரண்டியோடு அடுப்பருகில் நின்றிருந்தவரின் முகத்தில் ஜன்னல் வழியாக ஒரு குளிர்ந்த காற்று அடித்தது. பங்குனியில், உச்சி வெயிலில் குளிர்ந்த காற்று என்றால் என்ன அர்த்தம்? எட்டிப் பார்த்தார். தெற்கே வானம் கறுத்துப்போயிருந்தது. களம் முழுக்க நெல். அரசப்பன் ஆட்கள் களத்தில் இல்லை, ஷெட்டில் லாரி நின்றது. அன்றைக்குப் பார்த்த அதே காட்சி. கேட் காவலாளி காதில் போனை வைத்துக்கொண்டிருந்தார்.

தர்மாம்பாள் தொட்டியை விட்டு எழுந்து நின்றாள். இந்தத் தடவை ஓடவில்லை. அவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

சபிஹாவின் சாயங்கால டீ அவர் நினைவுக்கு வந்தது. வரவில்லை என்று சொன்னால் பொய். ஒப்பந்தத்து வரியும் வந்தது. ஆனால் அவற்றுக்கெல்லாம் முந்திக்கொண்டு, வெயிலில் பையோடு நின்ற ஒருவன் முன்னால் ஒரு காரின் கதவு திறந்தது.

"வாக்கா" என்றார் ஹமீது.

கரண்டியைக் கீழே வைக்கக்கூடத் தோன்றவில்லை. லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு களத்தைச் சுற்றி ஓடினார். வேப்பமரத்துக் காக்கைகள் அலறிக்கொண்டு பறந்தன. தண்டவாளத் துண்டைக் கரண்டியாலேயே அடித்தார். டணார் டணார் என்று அந்தச் சத்தம் மில் முழுக்கப் போயிற்று. எத்தனையோ நாளாக யாரும் கேட்காத சத்தம். தர்மாம்பாளும் கேன்டீன் ஆட்களும் அதற்குள் பலகையைத் தள்ள ஆரம்பித்திருந்தார்கள்.

ஷெட்டிலிருந்து முதலில் வந்தது அரசப்பன். பின்னாலேயே அவன் ஆட்கள் படுதாவைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார்கள், யாரும் இடம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மில் கதவில் ஒரு நீலக் கயிறு எட்டிப் பார்த்தது. சமையல்காரர் களத்தில் நின்று மணி அடிப்பதைப் பார்த்துவிட்டு உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தது. மிஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. ஆபீஸ்காரர்கள் பேண்டை மடித்துவிட்டுக்கொண்டு இறங்கினார்கள். கேட் காவலாளிகூடப் போனைச் சட்டைப்பைக்குள் போட்டுவிட்டு ஓடிவந்தார். கடைசியில் அரவிந்தன். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையோடு அரசப்பனுக்கு எதிர்ப்பக்கம் பலகைக் கயிற்றைப் பிடித்தான். பாலக்காட்டுக்காரர் ஆபீஸ் வாசலில் நின்று வேடிக்கை பார்த்தார்.

கடைசிப் படுதாவின் மேல் கல்லைத் தூக்கி வைக்கவும் மழை கொட்டவும் சரியாக இருந்தது. ஒரு நெல்மணிகூட நனையவில்லை. மனிதர்கள்தான் நனைந்தார்கள். கயிறு நீலமா மஞ்சளா என்று பார்க்க யாருக்கும் நேரமில்லை. தர்மாம்பாள் ஒரு பக்கம் சிரிப்பும் ஒரு பக்கம் அழுகையுமாக நின்றாள்.

அப்போதுதான் ஹமீதுக்கு அடுப்பு நினைவு வந்தது. ஓடினார். வாசலிலேயே தெரிந்துவிட்டது. தேக்சாவின் அடி கருகிப் புகைந்துகொண்டிருந்தது. திருச்சிக்காரர்கள் இருவர் மூக்கில் கைக்குட்டையோடு மேசையருகில் நின்றார்கள். ஒருவர் போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தார்.

முப்பது வருஷத்தில் அவர் கையில் ஒரு பிரியாணி அடிப்பிடித்ததில்லை. மேலாகக் கொஞ்சம் தேறியது. அதை விருந்தாளிகளுக்கு அனுப்பினார். பிறகு மூலையில் ஒரு அரிசி மூட்டையின் மேல் உட்கார்ந்துவிட்டார். ஆயிஷாவிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்தார். தம்மாமில் இந்நேரம் என்ன மணி இருக்கும் என்றும் யோசித்தார்.

கூப்பிட ஆள் வந்தது. ஆபீஸுக்குப் போனார். அரவிந்தனின் சட்டை இன்னும் காயவில்லை.

"பிரியாணி அடிப்பிடிச்சிருச்சு, பாய்."

"ஆமா தம்பி. தப்புதான். அடுப்ப விட்டுட்டுப் போனதும் தப்பு, ஆளுங்கள களத்துக்குக் கூட்டிட்டுப் போனதும் தப்பு. ஒப்பந்தத்துல தெளிவா இருக்கு."

"பாலக்காட்டுக்காரர் என்ன சொன்னாரு தெரியுமா? 'போன தடவ அரிசி கெட்டப்ப, ஆளில்லாத மில்லுன்னு நெனச்சேன். இத்தன ஆளு இருக்கே'ன்னாரு." அரவிந்தன் ஜன்னலைப் பார்த்தான். "திருச்சிக்காரங்கள அனுப்பிட்டேன். அவங்க நல்லாத்தான் செய்வாங்க. ஆனா எனக்கு மணி அடிக்கிற ஆளு வேணும். கேன்டீன் நீங்களே பாருங்க. அந்தப் பழைய வரிய அடிச்சிட்டு, மணி அடிச்சா கேன்டீன் ஆளுங்களும் களத்துக்கு வரணும்னு புதுசா எழுதிடலாம். சரிதானே?"

ஹமீதுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. அல்ஹம்துலில்லாஹ் என்று வாய்வரை வந்தது. அதை விழுங்கிக்கொண்டு அவர் சொன்னது வேறு.

"பழச அடிச்சிருங்க தம்பி. புதுசா எழுத வேணாம். எழுதிட்டீங்கன்னா அந்த வரிக்காக வர்ற மாதிரி ஆயிரும். மழ மணிய அடிங்க, வருவோம். ஆனா சோத்து மணி அடிக்கிறப்ப அரசப்பன் ஆளுங்களும் வரட்டும். அது போதும்."

 அரவிந்தன் தன் கழுத்திலிருந்த நீலக் கயிற்றைக் கழற்றிப் பார்த்தான், மேசை டிராயருக்குள் போட்டான். "திங்கக்கெழமையிலேருந்து" என்றான்.

திங்கட்கிழமை மத்தியானம் அரசப்பனும் அவன் ஆட்களும் கேன்டீன் வாசல்வரை வந்து நின்றுவிட்டார்கள். கை கழுவிவிட்டு, தலை சீவி, கல்யாண வீட்டுக்குப் பத்திரிகை இல்லாமல் வந்தவர்கள் மாதிரி ஒருவரை ஒருவர் முன்னால் தள்ளிக்கொண்டிருந்தார்கள். உள்ளே மேசையில் அரவிந்தன் நகர்ந்து உட்கார்ந்து இடம் விட்டான்.

"நெசமாத்தான் சொன்னீங்களா பாய்? நாங்க கம்பெனி ஆளு இல்லையே" என்றான் அரசப்பன்.

மூஸா சொன்ன வார்த்தைகள் ஹமீதின் நாக்கு நுனியில் இருந்தன. அவற்றைச் சொல்வதற்குத்தான் இத்தனை வருஷம் காத்திருந்தார்.    சொல்வதற்குப் பதில் அரசப்பன் தோளில் கைவைத்து அழைத்துப்போய் உட்கார வைத்தார். தட்டை எடுத்து வைத்தார். மணி அடித்ததில் கழுத்து வளைந்துபோன அந்தக் கரண்டியாலேயே சோறு அள்ளிப் போட்டார், போட்டுக்கொண்டே இருந்தார்.

"போதும் பாய்" என்றான் அரசப்பன். "தட்டு நெறஞ்சிருச்சு."